படியில் கேட்ட 'வரோம்'

கொஞ்சம் கிட்டே வாருங்கள், என் கண்ணுகளா. அந்தக் கோடியில் இருப்பவர்கள் காலை மடக்கிக்கொண்டு இப்படி நகர்ந்தால் எல்லோருக்கும் இடம் இருக்கும். இன்றைக்கு ஒரு புயல் கதை சொல்லப் போகிறேன். மரம் சாய்ந்தது, தகரம் பறந்தது என்று அடுக்குவேன் என எதிர்பார்க்காதீர்கள். அதெல்லாம் நடந்தது, புயல் என்றால் நடக்காமலா இருக்கும். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு வார்த்தையைப் பற்றி. நீங்களும் நானும் தினமும் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொல்கிற வார்த்தை.

அளவக்கா என்று ஒருத்தி இருந்தாள். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு, தெரு வைத்த பேர் இது. தையல்காரி. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் தோள் எவ்வளவு, கை எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். கல்யாண மண்டபத்தில் எல்லோரும் மாப்பிள்ளை லட்சணமாக இருக்கிறான் என்று வாய் ஓயாமல் சொல்ல, இவள் மட்டும் கோட்டின் இடது கை அரை இஞ்சு தூக்கியிருப்பதாகப் பக்கத்தில் இருப்பவளின் காதைக் கடிப்பாள். அவள் புருஷன் டவுன் பஸ் கண்டக்டர். பொண்டாட்டி கண்ணில் டேப்பை வைத்தே பிறந்தவள் என்று டிப்போ முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். வருஷக்கணக்காக இன்ஜின் பக்கத்தில் நின்று அவருக்கு இடது காது மந்தம். வீட்டில் சண்டை வந்தால் அந்தக் காதைத்தான் பெண்டாட்டி பக்கம் திருப்பி உட்காருவார்.

அது கீழ் ஒன்று, மேல் ஒன்று என்று இரண்டு வீடு உள்ள கட்டடம். ஒரே கேட், ஒரே படி. படி பாதியில் திரும்பும். அதனால் கீழே நிற்பவர் முகம் மேலே தெரியாது, குரல் மட்டும் ஏறி வரும். மேல் வீட்டில் இவர்கள். கீழ் வீட்டில் டாக்சி ஓட்டும் ஒரு பையன், அவன் பெண்டாட்டி, அவனுடைய அப்பா. பெரியவர் அந்தக் காலத்தில் கொத்தனார். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. தலைமாட்டில் ஒரு ரேடியோவை மாட்டிக்கொண்டு கட்டிலோடு கிடந்தார். பேச்சு குழறும், சிறுநீர் அடக்க முடியாது. மருமகள் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டாள். அவர்கள் பேசினால் மேலே கேட்காது. ஆனால் ரேடியோவுக்குக் கொஞ்சம் தொண்டை ஜாஸ்தி. தரை வழியாக மேல் வீட்டுக்கும் சேர்த்தே பாடும்.

வீட்டுக்குப் பின்னால் கால்வாய். கால்வாய்க்கு மேலே ஏரி. புயல் வருகிறது என்ற பேச்சு முதலில் கிளம்பியபோது கீழ்வீட்டுப் பெண் குழாயடியில் கவலையோடு நின்றாள். ஏரியைத் திறந்தால் தண்ணீர் முதலில் எங்கள் வீட்டுக்குள்தானே வரும், மாமாவை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்றாள். அளவக்கா அவள் தோளைத் தட்டினாள்.

"தண்ணி கிண்ணி வந்தா யோசிக்கவே யோசிக்காத. பெரியவரைத் தூக்கிட்டு நேரா மேல வந்துடு. அது உன் வீடுதான்."

பொய்யாகச் சொல்லவில்லை, கண்ணுகளா. மனசு நிறைந்துதான் சொன்னாள். அன்றைக்கு நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் அந்த வெள்ளைக் கோட்டுகள் வந்தன. நர்ஸ் வேலை சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் ஒன்று, புதிதாகச் சேர்ந்த பெண்கள் எல்லோருக்கும் கோட்டு தைத்துத் தரும்படி அவளிடம் கொடுத்திருந்தது. பெரிய கடைக்குப் போக வேண்டிய வேலை. கடைக்காரன் போன வருஷம் சொதப்பியதால் இவள் கைக்கு வந்தது. ராவும் பகலும் மிதித்துத் தைத்தாள். தைத்ததை இஸ்திரி போட்டு, காலர் மடங்காமல் குண்டூசி குத்தி, ஹாலில் பாய் விரித்து அதன் மேல் வரிசையாக அடுக்கியிருந்தாள். நாற்காலி மேல் வெள்ளை, கட்டில் மேல் வெள்ளை. புருஷன் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டார். பஸ்ஸில் நிற்கிற மாதிரியே இருக்கிறது, டிக்கெட் யார் கொடுப்பது என்று கேட்டார்.

புயல் நாள் விடிந்தபோது வானம் கழுவாத பாத்திரம் போல இருந்தது. ஒலிபெருக்கி கட்டிய வேன் தெருத் தெருவாகப் போயிற்று. தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் மேலே போய்விடுங்கள் என்று சொல்லிக்கொண்டே அதுவும் வேகமாக மேடான பக்கம் போய்விட்டது. தெரு பரபரத்தது. மளிகைக்கடைக்காரர் அரிசி மூட்டைகளைப் பரணில் ஏற்றினார். எதிர்வீட்டு வாத்தியார் ஜன்னல் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்கும் டேப் ஒட்டினார். சலூன்காரர் கடைக்கு முன்னால் மணல் மூட்டை அடுக்கிவிட்டு, மறந்துபோய் உள்ளேயே நின்றுகொண்டிருந்தார். ஆளைப் பிடித்து வெளியே தூக்க வேண்டியதாயிற்று. அந்த நேரத்திலும் தெரு சிரித்தது.

டாக்சிக்காரன் காலையிலேயே கிளம்பிவிட்டான். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களை மேட்டுப் பக்கம் கொண்டுபோக வண்டி கேட்டிருந்தார்கள். ஒரு நடை போய்விட்டு வந்து அப்பாவைத் தூக்கி மேலே விட்டுவிடுகிறேன் என்று பெண்டாட்டியிடம் சொல்லிப் போனவன், திரும்பும் வழியில் மரம் விழுந்து அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டான். போன் வேலை செய்யவில்லை.

மத்தியானம் காற்று ஊளையிட ஆரம்பித்தது. கண்டக்டர் மொட்டை மாடியில் தண்ணீர் டாங்கின் மூடியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். அளவக்கா ஹாலில் தனியாக, ஜன்னல் ஓரத்துக் கோட்டுகளைச் சாரல் படாமல் உள்பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தாள். அப்போதுதான் படியில் குரல் ஏறி வந்தது.

"அக்கா, நாங்க வரோம்."

கூடவே கட்டிலைத் தரையில் இழுக்கும் சத்தம். பெரியவர் குழறலாக எதையோ சொல்லும் சத்தம். ஒரு பாத்திரம் உருண்ட சத்தம்.

நம்மில் யாராவது கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்வோமா? வாயில் வராது. 'வரேன்' என்றுதான் சொல்வோம். வருகிறவளும் வரேன் என்பாள், போகிறவளும் வரேன் என்பாள். எது எது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குரலிலேயே தெரிந்துவிடும்.

அளவக்காவுக்கும் தெரிந்தது. தெரியவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் குரல் மேலே பார்த்துக் கூப்பிட்ட குரல். வந்து கைகொடுங்கள் என்று கேட்காமல் கேட்ட குரல். அவள் ஒரு கணம் சுற்றிப் பார்த்தாள். வெள்ளை, எங்கே பார்த்தாலும் வெள்ளை. அந்த ஈரக் கால்களை எங்கே வைப்பது? பெரியவரை எங்கே படுக்க வைப்பது? அவருக்கு அடக்க முடியாதே. அந்த வாடை துணியில் ஏறினால் இறங்காதே. இதையெல்லாம் அவள் யோசித்து முடிக்கவில்லை, கண்ணுகளா. யோசனை பாதியில் இருக்கும்போதே வாய் முந்திக்கொண்டது.

"சரிம்மா, பார்த்து பத்திரமா போயிட்டு வாங்க."

நல்ல வார்த்தை. யார் கேட்டாலும் குற்றம் சொல்ல முடியாத வார்த்தை. கிளம்புகிறவர்களை வாழ்த்தி அனுப்புகிற வார்த்தை. அதை எடுத்துத்தான் அவள் படி வாசலை அடைத்தாள்.

கீழே கட்டில் இழுபடும் சத்தம் நின்றது. பிறகு, "சரிக்கா" என்று மெதுவாக ஒரு குரல். அதோடு சரி.

கண்டக்டர் நனைந்துபோய் இறங்கி வந்தார். கீழே யார் கூப்பிட்டது என்று கேட்டார். கீழ் வீட்டில்தான், அவர்கள் சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள், சொல்லிக்கொண்டு போனார்கள் என்றாள். பெரியவரை அந்தப் பெண் தனியாக எப்படித் தூக்கிக்கொண்டு போனாள் என்று அவருக்குச் சந்தேகம். யாராவது வண்டி கொண்டு வந்திருப்பார்கள் என்றாள். ஒரு பொய்யைத் தனியாக நிற்க விட முடியாது, பக்கத்தில் துணைக்கு ஒன்றை நிறுத்த வேண்டியிருக்கிறது. அவர் தலையைத் துவட்டிக்கொண்டு, நல்லதாகப் போயிற்று, அதுகள் இங்கே கஷ்டப்பட வேண்டாம் என்றார். அந்த 'நல்லதாகப் போயிற்று' அவளைச் சுருக்கென்று குத்தியது.

தண்ணீர் வந்தது. முதலில் தெருவில் ஓடியது, பிறகு தெருவாகவே ஆயிற்று. சலூன்காரரின் மணல் மூட்டை மேல் ஒரு நாய் ஏறி நின்றது. கேட்டின் கீழ்க்கம்பி மறைந்தது.

அந்த நேரத்தில்தான் தரை வழியாக ரேடியோ கேட்டது. ஏரி மதகைத் திறக்கிறார்கள் என்று ஒருவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் இல்லாத வீட்டில் ரேடியோ எப்படிப் பேசும்? மறந்து வைத்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெரியவர் ரேடியோவை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகாதவர். அவளுக்குத் தெரியும்.

புருஷனைப் பார்த்தாள். அவர் சமையலறைத் தரையில், நல்ல காது கீழே இருக்கும்படி கையைத் தலைக்கு வைத்து ஒருக்களித்துக் கண்ணயர்ந்திருந்தார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

அளவக்கா மிஷினில் போய் உட்கார்ந்தாள். கரண்ட் இல்லை, ஆனால் அது கால் மிஷின். நூல் கோக்காமல், துணி வைக்காமல், வெறும் ஊசியை ஓட்டினாள். கடகட என்று அது போட்ட சத்தத்தில் ரேடியோ அடங்கியது. கால் வலித்து நிறுத்தினால் ரேடியோ பேசியது. மறுபடி மிதித்தாள். வாழ்நாளில் எத்தனையோ தைத்திருக்கிறாள். ஒன்றுமே தைக்காமல் அவள் அப்படி வேர்த்தது அன்றைக்குத்தான்.

ஒரு தடவை காலை எடுத்தபோது ரேடியோ பேசவில்லை.

காத்திருந்தாள். காற்று மட்டும்தான். பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே எழுந்தாள். நினைத்து முடிப்பதற்குள் படியில் ஓடிக்கொண்டிருந்தாள்.

திருப்பத்தைத் தாண்டியதும் படிகள் தண்ணீருக்குள் போயின. புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். கீழ் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே தொடை அளவுத் தண்ணீரில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். பெரியவரை எப்படியோ சாப்பாட்டு மேஜை மேல் ஏற்றி உட்கார வைத்து, சரிந்துவிடாமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். எவ்வளவு நேரமாகப் பிடித்திருந்தாளோ, கை இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. ரேடியோ தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. பெரியவரின் உதடு நீலம் பாரித்திருந்தது.

இரண்டு பெண்களும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஏன் வந்தீர்கள் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. ஏன் வரவில்லை என்றும் கேட்கவில்லை.

"கால் பக்கம் பிடிங்கக்கா," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள்.

இருவராலும் முடியவில்லை. அளவக்கா போட்ட சத்தத்தில் கண்டக்டர் எழுந்து ஓடி வந்தார். பெரியவரைப் பார்த்ததும் ஒரு நொடி திகைத்து நின்றார். பிறகு ஒன்றும் கேட்காமல் அவரை முதுகில் சுமந்து ஏறினார். ஹால் வாசலில் மருமகள் தயங்கினாள். தரையெல்லாம் வெள்ளையாக இருக்கிறதே, எங்கே கால் வைப்பது என்று நின்றாள்.

"உள்ள வாங்க, உள்ள வாங்க, இடம் இருக்கு," என்றார் கண்டக்டர், பஸ்ஸில் சொல்கிற அதே குரலில். பெண்டாட்டியைப் பார்த்துச் சொன்னார்: "ஓடுற பஸ்ஸுலயே நான் யாரையும் இடமில்லன்னு இறக்கிவிட்டதில்ல."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் தலை குனிந்துகொண்டது.

இன்னொன்றும் சொல்கிறேன், கேளுங்கள். பெரியவர் குளிரில் வெடவெடத்தார். துவட்டத் துணி வேண்டும். அளவக்கா திரும்பி ஓடினாள், எங்கே என்று நினைக்கிறீர்கள்? பரண் மேலிருந்த கிழிந்த போர்வையைத் தேடி. கை எட்டவில்லை, ஸ்டூலைத் தேடினாள். அதற்குள் கண்டக்டர் பக்கத்திலிருந்த கோட்டுகளை அள்ளி எடுத்துப் பெரியவரைச் சுற்றித் துவட்ட ஆரம்பித்துவிட்டார். குண்டூசி குத்திவிடும் என்று பதறி ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார். ஸ்டூல் மேல் ஏறி நின்றபடி அளவக்கா அதைப் பார்த்தாள். கண் எதிரே ஒரு உயிர் நடுங்கும்போதும் தன் கை பரணுக்குத்தான் போயிற்று என்பதை அவள் அங்கே நின்று பார்த்தாள். இறங்கி வந்து மிச்சம் இருந்ததை எல்லாம் தானே எடுத்து விரித்தாள். ஆனால் புருஷன் எடுத்ததைப் பார்த்த பிறகுதானே.

பெரியவருக்கு வெந்நீர் கொடுத்து, மருந்தைக் கரைத்துப் புகட்டிய பிறகு அவர் உதட்டில் நிறம் திரும்பியது. அப்போதுதான் கண்டக்டர் கேட்டார், சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டதாகச் சொன்னீர்களாமே என்று. கீழ்வீட்டுப் பெண் அளவக்காவை நிமிர்ந்து பார்த்தாள். அளவக்கா டீ கொதிக்கும் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாண்ணே," என்றாள் அந்தப் பெண். "கிளம்பத்தான் பார்த்தோம். வண்டி வரல."

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. துடைக்கக்கூட அளவக்காவுக்குக் கை எழவில்லை. யாருக்குத் தீங்கு செய்தாளோ அவளே வந்து இவளுடைய பொய்யைத் தாங்கிப் பிடிக்கிறாள்.

வெளிச்சம் மங்குவதற்கு முன் டாக்சிக்காரன் வந்து சேர்ந்தான். கழுத்து வரை தண்ணீரில் நடந்தும் நீந்தியும் வந்திருந்தான். கீழ் வீட்டைப் பார்த்து அலறிய சத்தம் மேலே கேட்டது. மேலேதான் இருக்கிறோம் என்று பெண்டாட்டி குரல் கொடுத்தாள். ஓடி வந்தவன் அப்பாவைத் தொட்டுப் பார்த்தான். வெள்ளைக் கோட்டுக்கு நடுவே அவர் டாக்டர் மாதிரி சாய்ந்து கிடந்தார். அவன் அழுதுகொண்டே அளவக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டீர்கள், என் அம்மா இருந்திருந்தால்கூட இப்படித்தான் செய்திருப்பாள் என்றான்.

அந்தக் கையை அவளால் அவனிடம் விட்டுவைக்க முடியவில்லை. உருவிக்கொண்டாள்.

"இல்ல தம்பி. உன் பொண்டாட்டி வரோம்னு கூப்பிட்டா. மேல வரத்தான் கூப்பிட்டான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் போயிட்டு வாங்கன்னேன்."

கண்டக்டர் நல்ல காதைத் திருப்பினார். அவருக்குக் கேட்டுவிட்டது. பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்சிக்காரன் எழுந்தான். அவன் பெண்டாட்டியைப் பார்க்க, அவள் தலை குனிந்தாள். அதிலேயே அவனுக்கு எல்லாம் புரிந்தது. விறுவிறுவென்று வெளியே போய் ஈரப் படியில் உட்கார்ந்துகொண்டான்.

உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள். அளவக்காவுக்கும் ஒரு மூச்சு லேசாகத்தான் இருந்தது. அதற்குள் கீழ்வீட்டுப் பெண் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். அன்றைக்கு முதல் தடவையாக அவள் குரலில் கோபம் இருந்தது.

"நான் மூடி வச்சதை எதுக்குக்கா திறந்தீங்க? தண்ணி வடியற வரைக்கும் எங்களுக்குப் போக வேற இடம் ஏது? இப்ப அவரு உங்க வீட்டுச் சோத்தைத் தொடமாட்டாரு. உங்க பாரத்தை இறக்கி வைக்க எங்க தலைதான் கிடைச்சுதா?"

அளவக்கா கதவை அடைத்தபோதும் தன்னை நினைத்துத்தான் அடைத்தாள். திறந்து காட்டியபோதும் தன்னை நினைத்துத்தான். அளவு எடுப்பதே தொழிலாக இருந்தவளுக்கு, தன் மனசு எவ்வளவு அகலம் என்று அந்த ஒரே நாளில் இரண்டு தடவை தெரிந்துவிட்டது.

அவள் ஒரு டம்ளரில் டீ எடுத்துக்கொண்டு படிக்குப் போனாள். டாக்சிக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். டம்ளரை அவன் பக்கத்தில் வைத்தாள். அவனுக்கு மேல் படியில் உட்காராமல், அவனைச் சுற்றிக்கொண்டு இறங்கி, தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்த கீழ்ப் படியில் உட்கார்ந்தாள். மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் அவனிடம்தானே ஒன்றை வாங்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருந்தாள். சாரல் இருவர் மேலும் அடித்தது. டீ ஆறியது. ஆடை படிந்த டீயில் மழைத்துளி விழுந்தது. அவள் எழுந்து போய் அதைக் கொட்டிவிட்டு வேறு சூடாகக் கொண்டு வந்து வைத்தாள். அதுவும் ஆறியது. மறுபடி போனாள். போகும்போதும் வரும்போதும் பெரியவரை எட்டிப் பார்த்தாள். ஒரு தடவை அவருக்குத் துணி ஈரமாகியிருந்தது. மருமகள் சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். அளவக்கா அவளை எழுப்பவில்லை. தானே மாற்றினாள், இன்னொரு வெள்ளைக் கோட்டைக் கிழித்துக் கீழே மடித்துப் போட்டாள். பெரியவர் இடது கையால் முகத்தை மூடிக்கொண்டார். அவருக்கு வெட்கம். "எனக்குத்தான் மாமா வெட்கம், உங்களுக்கு என்ன," என்று அவர் காதில் சொன்னாள்.

திரும்பப் படிக்கு வந்தபோது டாக்சிக்காரன் தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டான், அப்பா என்ன செய்கிறார் என்று.

"தூங்கறாரு. துணி மாத்தியாச்சு."

"யாரு மாத்தினா?"

"நான்தான்."

அவள் கொண்டு வந்து வைத்த டீயும் ஆறியது. அப்புறம் அவன் டம்ளரை எடுத்து, ஆறிப்போன அந்த டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, காலி டம்ளரை அவள் பக்கம் தள்ளினான். அவ்வளவுதான் அவன் கொடுத்தது. அளவக்கா அதற்கு மேல் ஆசைப்படவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் படியை விட்டு இறங்குகிறதா என்று அவன் பார்த்த இடத்தையே அவளும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நேரமாகிவிட்டது, என் கண்ணுகளா, எழுந்திருங்கள். உங்கள் வீட்டு அடுப்பில் எப்போதும் இன்னொரு ஆளுக்கும் சேர்த்து உலை கொதிக்கட்டும். உங்கள் கூரை ஒழுகாமல் இருக்கட்டும், உங்கள் பெரியவர்கள் காய்ந்த படுக்கையில் உறங்கட்டும். ஈரக் காலோடு யார் வாசலில் வந்து நின்றாலும், உங்கள் வீட்டில் வாய்க்கு முன்னால் கை போய்க் கதவைத் திறக்கட்டும். உங்கள் பிள்ளைகுட்டிகள் எல்லாம் நன்றாக இருக்கட்டும்.